ஒன்பதாவது ஸ்க்ரூ

மாஸ்டர் பொய் சொல்லவில்லை. வாயையே திறக்காதவர் பொய் எங்கே சொல்வது? முதல் இரண்டு நாள் இந்த நியாயம் அவருக்குக் கைகொடுத்தது. மூன்றாவது நாள் அதுவும் புளித்துப்போயிற்று.

பழைய கார்களுக்கு உள்வேலை செய்யும் பட்டறை அவருடையது. சீட், கூரைத் துணி, கதவின் உள்பக்கப் பலகை, டேஷ்போர்டு, இவ்வளவுதான். எஞ்சின் பக்கம் போகமாட்டார். "வயித்துக்குள்ள என்னன்னு டாக்டர் பாக்கட்டும், சட்டை தைக்கிறதுதான் நம்ம வேலை" என்பார். வீட்டின் முன்பக்கமே பட்டறை. இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு கொட்டகை, அதை ஒட்டி ஓர் அறை. அறையில் அவர் மனைவி மெஷினில் உட்கார்ந்து சீட் உறைகளைத் தைப்பாள். கொட்டகையில் அவரோடு வேலை செய்வது அவளுடைய தம்பி. மாஸ்டருக்கு மச்சான். முப்பத்தாறு வயது, பத்து வருஷமாக அங்கேதான். அடுத்த தெருவில் மனைவியோடு குடியிருந்தான். ஆனாலும் மத்தியானச் சாப்பாடு அக்கா கையால்தான். துணி வெட்டும் மேஜையைத் துடைத்துவிட்டு மூன்று பேரும் ஒன்றாக உட்காருவார்கள்.

மச்சானுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அவன் நடந்தால் ஓட்டம், பேசினால் அதைவிட ஓட்டம். மற்றவர்கள் இரண்டாவது முறை வாங்கிக்கொள்வதற்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவான். வந்த புதிதில் ஒரு காரின் கதவுக் கைப்பிடியைத் தலைகீழாக மாட்டிவிட்டான். அந்தக் காரின் சொந்தக்காரர் உள்ளே மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தட்டிய கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவன் கையில் சொல்லும்படி ஒரு தப்பும் நடந்ததில்லை. இருந்தும் பட்டறையில் எது உடைந்தாலும் முதலில் வருகிற கேள்வி, "எக்ஸ்பிரஸ் வேலையா?" என்பதுதான். அவனும் சிரித்துக்கொண்டே "வேற யாரு" என்பான்.

மாஸ்டரோ நிதானத்துக்குப் பெயர்போனவர். ஒரு டேஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் பெரிய அட்டையில் அதன் உருவத்தைப் பென்சிலால் வரைவார். கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைப்பார். திரும்ப மாட்டும்போது எது எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை. அட்டை காலியானால் வேலை முடிந்தது. இன்னொரு பழக்கமும் உண்டு. தன் கையால் முறுக்கிய ஸ்க்ரூவின் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்பார். ஆட்டத்தில் கழன்று வராது என்று காரணம் சொன்னாலும், அது ஒரு கையெழுத்து மாதிரி என்பது எல்லோருக்கும் தெரியும். மனைவி ஏதோ கல்யாணத்துக்கு வாங்கி, ஒரு விரலில் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைத்த பாட்டில் அது. மச்சான் முறுக்கிய ஸ்க்ரூவுக்குச் சிவப்பு கிடையாது. அவன் ஒருமுறை கேட்டான். "உனக்கும் ஒருநாள் வரும்டா" என்றார் மாஸ்டர். பத்து வருஷத்தில் அந்த நாள் வரவில்லை.

அந்தக் கார் டீச்சருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷமான தலைமையாசிரியை. வெளிர்பச்சை நிறத்தில், முதுகு வளைந்த, இரண்டு கதவு மட்டுமே உள்ள பழைய கார். அவரிடம் படித்த பிள்ளைகள் அதற்கு 'ஆமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்குப் போனபோது கோபிக்காமல் தானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தவர். முப்பது வருஷ வெயிலில் ஆமையின் டேஷ்போர்டு காய்ந்த குளம் மாதிரி வெடித்திருந்தது. ஸ்பீடோமீட்டருக்கு மேலே ஒரு பெரிய வெடிப்பு, அதிலிருந்து கிளைகளாகப் பதினோரு சின்ன வெடிப்புகள். டீச்சர் எண்ணி வைத்திருந்தார். அதே மாதிரிக் காருக்குப் புது டேஷ்போர்டு வேண்டுமென்று எங்கெங்கோ கடிதம் எழுதி, பதினான்கு மாதம் காத்திருந்து, கடைசியில் கடல் தாண்டி ஒன்று வந்துசேர்ந்தது. யாரோ கிடங்கில் தொடாமல் வைத்திருந்த பழைய சரக்கு. போர்வையில் சுற்றி, பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்.

"மாஸ்டர், இது கடைசிப் பீஸுன்னு எழுதியிருக்காங்க. இனிமே கேக்காதீங்கன்னும் எழுதியிருக்காங்க. மரியாதையாத்தான் எழுதியிருக்காங்க."

"கவலைப்படாதீங்க டீச்சர். கொழந்தைய மாத்தி வெக்கிற மாதிரி வெக்கிறேன்."

கழற்ற ஒரு நாள், சுத்தம் செய்து வயர்களைக் கட்ட ஒரு நாள், மாட்ட ஒரு நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாம் முடிந்து, டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் வரிசையாக வரும் ஒன்பது ஸ்க்ரூ மட்டும் பாக்கி. நான்கை மச்சான் போட்டிருந்தான். அப்போது கதவு ரப்பர் வாங்கிவர அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, மீதியை முடிக்க மாஸ்டரே காருக்குள் மல்லாந்து படுத்தார். படுக்கும்போது அவர் கால் பட்டு, ஸ்டூலில் சாய்த்து வைத்திருந்த அட்டை சரிந்தது. ஐந்து ஸ்க்ரூவும் தரையில் சிதறின. நான்கு கிடைத்தன. ஒன்று வேலை மேஜைக்கு அடியில் உருண்டுபோன சத்தம் கேட்டது.

குனிந்து தேடியிருக்கலாம். மச்சான் வரட்டும் என்று கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். முழங்கால் வலித்தது, முடித்துவிட வேண்டும் என்றும் இருந்தது. உபரி ஸ்க்ரூ போட்டு வைக்கும் தகர டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்தார். தலை அதே அளவு. உடம்பு சற்று நீளம். நீளம் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கொஞ்சம்தானே என்று மனசு சொன்னது.

டிரைவர் இல்லாத பக்கத்துக் கோடியில், ஒன்பதாவது ஓட்டையில் அதை முறுக்கினார். கடைசிச் சுற்றில் ஏதோ மெத்தென்று வழிவிட்டது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். வெளியே வந்து டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். கடுகளவு ஒரு மேடு தட்டுப்பட்டது. வெயில் பட்டால் படிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரும்பப் படுத்து, அந்த ஸ்க்ரூவின் தலையிலும் சிவப்புச் சொட்டை வைத்தார்.

மறுநாள் காலை மச்சான் வழக்கம்போலப் பட்டறையைப் பெருக்கினான். டீச்சர் வந்தால் பளிச்சென்று தெரியட்டும் என்று ஆமையை வெயிலில் நிறுத்தினார்கள். பதினோரு மணிக்கு டீச்சர் வந்து கதவைத் திறந்தபோது, அந்தக் கடுகு இருந்த இடத்திலிருந்து விரல் நீளத்துக்கு டேஷ்போர்டு கிழிந்திருந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் நுரைப்பஞ்சு எட்டிப் பார்த்தது.

டீச்சர் அந்தப் பஞ்சை விரலால் உள்ளே தள்ளிப் பார்த்தார். பிறகு, "இது எப்படி?" என்றார்.

அந்த நேரத்தில் மாஸ்டர் செய்தது ஒன்றுதான். தலையைத் திருப்பி மச்சானைப் பார்த்தார். பத்து வருஷப் பழக்கம். எது கெட்டாலும் எல்லாக் கண்ணும் போகும் இடம் அது. அவர் கண்ணும் போயிற்று.

மச்சான் டார்ச்சையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு காருக்குள் படுத்தான். வெளியே அவன் கால்கள் இரண்டு மட்டும் தெரிந்தன. இரண்டு மூன்று நிமிஷம் ஆயிற்று. எழுந்து வந்தவன், பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"நான்தான் டீச்சர். அவசரத்துல நீளமான ஸ்க்ரூவப் போட்டுட்டேன். கீழேர்ந்து குத்திடுச்சு."

டீச்சர் சத்தம் போடுகிறவர் இல்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்காரவைத்தவர்.

"உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தாறு டீச்சர்."

"முப்பத்தாறு வயசுல ஒரு ஸ்க்ரூவோட நீளம் பாக்கத் தெரியலையா? உங்க மாமா எவ்வளவு பொறுமையா வேல பாக்கறார். பக்கத்துல நின்னு பத்து வருஷமா என்னத்தப் பாத்தே?"

மச்சான் தலையைக் குனிந்து நின்றான். மாஸ்டர் ஆமையின் முன் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஒரு சின்னக் கல் சிக்கியிருந்தது. அந்தக் கல்லின் வடிவம் இன்றைக்குக் கேட்டாலும் அவரால் வரைந்து காட்ட முடியும். டீச்சர் பழைய டேஷ்போர்டைப் போர்வையில் சுற்றிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு காரை எடுத்துப்போனார்.

மத்தியானம் அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். மெஷினில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அந்தம்மா பதினாலு மாசம் காத்துக்கெடந்து வாங்கினதுடா. உனக்கு எதுல விளையாட்டுன்னு இல்ல? இவர் ஒரு வார்த்தை உன்னைச் சொன்னாரா பாரு. வேற எடமா இருந்தா அப்பவே செருப்ப மாட்டிக்கோன்னு சொல்லியிருப்பாங்க. மனுஷன் வாயத் தொறக்கல."

மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தான். சும்மா பார்த்தான். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் மாஸ்டர் தட்டை மனைவி பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு கரண்டி வை."

மச்சான் பாதித் தட்டோடு எழுந்து போனான்.

போகட்டும், அவனுக்கே தெரியாது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். நான்கு ஸ்க்ரூ போட்டவன், அதில் ஒன்றுதான் அது என்று நம்பிவிட்டான். அவசரத்தில் சிவப்பைக் கவனித்திருக்கமாட்டான். நம்பிக்கொண்டிருக்கிறவனிடம் போய் எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் பெயருக்கு இது புதிதா என்ன? தன் பெயர் அப்படியா? இப்படிப் பேசிய குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. நல்லவேளை, மனசுக்குள் பேசுவது வெளியே கேட்பதில்லை.

பக்கத்துக் கொட்டகை பெயின்டர் வந்து திண்டாடவைத்தார். "கேள்விப்பட்டேன் மாஸ்டர். தங்கமான மனுஷன் நீங்க. என் மச்சானா இருந்தா ஸ்ப்ரே கன்னால ஒரு கோட் அடிச்சு வெயில்ல காயப் போட்டிருப்பேன்." மாஸ்டர் சிரித்தார். சிரித்த பிறகு அன்று முழுக்க வாய் கசந்தது.

அதன் பிறகு எக்ஸ்பிரஸ் ஓடவில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஸ்கேல் வைத்து அளந்தான். ஒருமுறை அளந்ததை மறுபடியும் அளந்தான். சாப்பாட்டில் கடைசியாக எழுந்தான். அடிக்கடி தலையைத் தூக்கி மாஸ்டரைப் பார்ப்பான். எதற்கோ காத்திருப்பவன் மாதிரி. பயந்துபோயிருக்கிறான் என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். "விடுடா, நடந்தது நடந்துபோச்சு" என்று ஒருநாள் தோளில் தட்டவும் செய்தார். தட்டிய கையைப் பிறகு எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம், சாப்பாட்டு வேளையில், மச்சான் சாதாரணமாகச் சொன்னான். "பஸ் பாடி கட்டற கம்பெனில வரச் சொல்லியிருக்காங்க. சனிக்கிழமையோட இங்க முடிச்சிக்கிறேன்."

அக்கா கரண்டியை வைத்தாள். "எதுக்குடா? நான் திட்டினதுக்கா?"

"இல்லக்கா."

"பின்ன என்ன? இவரா ஏதாவது சொன்னாரு?"

"மாமா ஒண்ணும் சொல்லல" என்றான் மச்சான். "ஒண்ணுமே சொல்லல."

அன்று ராத்திரி அவள் கணவனிடம் கேட்டாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிப்பான். உங்க மேல அவ்வளவு மரியாதை வெச்சிருக்கான். சொல்லுங்களேன்." சரி என்றார். சொல்லவில்லை. எந்த வார்த்தை என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான் சிக்கல்.

வெள்ளிக்கிழமை டீச்சர் ஆமையோடு வந்து நின்றார். போர்வைச் சுற்றல் பின்சீட்டில் இருந்தது.

"இதக் கழட்டிட்டுப் பழசையே மாட்டிடுங்க மாஸ்டர். அந்த வெடிப்பெல்லாம் வெயில் செஞ்சது. வெயில் மேல எனக்குக் கோபம் வராது. இதப் பாத்தா ஒவ்வொரு நாளும் வருது. காரோட்டும்போது கோபம் நல்லதில்ல. வண்டி இங்கயே இருக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

கழற்றுவது என்றால் கீழே படுத்து ஒன்பது ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மெலிந்த உடம்பு, படுப்பது மச்சான்தான். இந்தமுறை அவசரமில்லாமல், ஸ்கேலும் டார்ச்சுமாக, ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துத்தான் எடுப்பான். நீளமான ஸ்க்ரூவின் தலையில் சிவப்பு இருக்கும்.

சனிக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்ததுமே மாஸ்டர் கொட்டகைக்கு வந்துவிட்டார். பெயின்ட் கரைக்கும் தின்னரைச் சின்னத் துணியில் நனைத்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயது முழங்கால்களைத் திட்டிக்கொண்டு, காருக்குள் மல்லாந்து படுத்தார். சொந்தப் பட்டறையில் திருடனைப் போலப் படுத்திருக்கிறோம் என்று தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டு டார்ச்சைப் போட்டார். வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார். முதல் நான்கு மச்சான் போட்டது, நிறமில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, சிவப்பு. ஒன்பது.

ஒன்பதில் சிவப்பு இல்லை.

மற்ற எட்டையும் போலவே துருவேறிய பழைய தலை. தகர டப்பாவிலிருந்து அவர் எடுத்தது புதுசு, பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினார், கையோடு வந்துவிட்டது. குட்டையானது. மேஜைக்கு அடியில் உருண்டுபோன அதே ஸ்க்ரூ.

யார் எடுத்தது, எப்போது மாட்டியது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. டேஷ்போர்டு கிழிந்த அன்று காலையில் பட்டறையைப் பெருக்கியவன் யார்? டார்ச்சோடு படுத்தவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் எதற்கு? வெளியே தெரிந்த இரண்டு கால்களும், அந்த இரண்டு மூன்று நிமிஷமும் அவர் முன்னால் வந்து நின்றன. அதன் பின்னாலேயே மூன்று வாரத்துச் சாப்பாடுகளும் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் எதிரே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்த முகம். தோளில் தட்டிய தன் கை. இன்னொரு கரண்டி.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. காரின் பக்கத்தில் வந்து நின்றது. மாஸ்டருக்குத் தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும். அவனுக்கும் தன் கால்கள் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தபோது, அப்படியே படுத்துக்கிடந்துவிடலாம் போலிருந்தது.

"என்ன மாமா, தின்னர் வாசனை அடிக்குது?"

மாஸ்டர் துணியை உள்ளங்கைக்குள் மடக்கினார்.

"எதத் தொடைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லடா."

"அது அங்க இல்ல மாமா. அன்னைக்கே எடுத்துட்டேன்."

காலியான ஒன்பதாவது ஓட்டை அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டார். "தெரிஞ்சிட்டு ஏன்டா சொன்னே?"

"டீச்சர் முன்னாடி கடைப் பேரு கெடக் கூடாதுன்னு சொன்னேன். நான்தானே எக்ஸ்பிரஸ், எனக்கு இன்னொண்ணு கூடினா என்ன. வீட்டுல அக்காகிட்ட நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். மத்தியானம் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம் சாயங்காலம் சொல்லுவீங்கன்னு. அப்புறம் ஞாயித்துக்கிழமை." பாதங்களில் ஒன்று பின்னால் நகர்ந்தது. "அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

"மன்னிச்சுக்கடா மச்சான்."

"எழுந்து வாங்க மொதல்ல. முழங்கால் பிடிச்சுக்கும்."

அவன் கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடிக்காமல் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

தையல் அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் துணியும் கையுமாக வாசலில் போய் நின்றார். "அந்த ஸ்க்ரூ நான் போட்டது" என்றார். மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னங்க?" என்று மெஷினை நிறுத்தினாள். இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. "அவன் இல்ல. நான். நீளம்னு தெரிஞ்சே போட்டேன். அவனுக்கும் தெரியும்."

அவள் நூலை வெட்டினாள். ஊசிக்குக் கீழே இருந்த துணியை எடுத்து மடித்தாள். பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தாள்; கணவனைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அவன் பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனான்" என்றாள். "நீங்க இன்னொரு கரண்டி கேட்டீங்க. நானும் வெச்சேன்."

மடித்த துணியை மெஷின் மேல் வைத்தாள்.

"பத்து மணிக்கு அந்தம்மா வருவாங்க. நீங்க சொல்லணும். நான் நின்னு கேக்கணும்."

டீச்சர் பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மச்சான் படுத்துக் கழற்றினான். மாஸ்டர் வாங்கி அட்டையில் குத்தினார். சொல்வதற்கு ஒரு நல்ல தொடக்கம் தேடிக்கொண்டிருந்தார். வயர் வேலை முடியட்டும், கேபிளைக் கழற்றட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். மனைவி அறை வாசலில் வந்து நின்றாள், கழுத்தில் அளவு டேப்போடு.

டீச்சர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சிலதுல மட்டும் இந்தச் சிவப்பு எதுக்கு மாஸ்டர்?"

"அது நான் முறுக்கினதுன்னு அடையாளம் டீச்சர்."

"நல்ல பழக்கம்."

"கிழிச்ச ஸ்க்ரூவுலயும் அது இருந்துச்சு."

டீச்சர் நிமிர்ந்தார்.

"சரியான ஸ்க்ரூ கீழ உருண்டு போச்சு. குனிஞ்சு தேடல. டப்பாவுல இருந்து நீளமானத எடுத்துப் போட்டேன். அவனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கடைப் பேருக்காக அவன் ஏத்துக்கிட்டான். நான் பாத்துட்டு நின்னேன்."

கோபமான நாலு வார்த்தை வரும், வாங்கிக்கொள்ளலாம் என்று மாஸ்டர் காத்திருந்தார். அவை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். நிதானமாக, இரண்டு பக்கமும்.

"முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்கள நிக்க வெச்சுக் கேள்வி கேட்டவ நான். தப்பான பிள்ளைய நிக்க வெச்சுடக் கூடாதுங்கற ஒரே பயந்தான் எனக்கு. ரிட்டயர் ஆனப்போ அந்தப் பயம் விட்டுதுன்னு நெனச்சேன்."

எழுந்தார். காருக்குள்ளிருந்து வெளியே வந்த மச்சானின் முன்னால் போய் நின்றார். அவன் முகத்தில் தூசி, முன்னங்கையில் கீறல்.

"தம்பி, அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கோ."

"ஐயோ, விடுங்க டீச்சர். நான் சொன்னேன், நீங்க நம்பினீங்க. உங்க மேல என்ன தப்பு."

"சொன்னா நம்பிடறதா? விசாரிக்கணும். உம்பேரு எக்ஸ்பிரஸ்னு தெரியும், அது போதும்னு விட்டுட்டேன்."

அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, தான் செய்யாத தப்புக்கு, அதைச் செய்யாத இன்னொருவன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். செய்தவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். அந்த இடத்தில் தன்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதை அவர் கவனித்தார். யாரும் அவரைப் பார்க்கக்கூட இல்லை. மனைவி உள்ளே போய்விட்டாள்.

வயரெல்லாம் ஏற்கெனவே கட்டியிருந்ததால் இந்தமுறை வேலை சீக்கிரம் முடிந்தது. பழைய டேஷ்போர்டு தன் பன்னிரண்டு வெடிப்புகளோடு பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒன்பது ஸ்க்ரூவையும் மச்சானே முறுக்கினான். மாஸ்டர் நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.

"நீ வை."

மச்சான் பாட்டிலைப் பார்த்தான். "வேணாம் மாமா. இப்படியே நிக்கும்" என்று சொல்லிவிட்டு, காலி அட்டையைச் சுவரில் மாட்டினான்.

டீச்சர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும், அவன் தன் ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுருட்டிக் கட்டினான்.

"திங்கக்கிழமையே போகணுமாடா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வரேன்னு சொல்லிட்டேன் மாமா."

"அந்த நீளமான ஸ்க்ரூவ என்ன பண்ணினே?"

"தகர டப்பாவுலயே போட்டுட்டேன். அதுமேல என்ன தப்பு? சரியான ஓட்டை கெடச்சா உதவும்."

மூன்று மணிக்கு மேல்தான் மூன்று பேரும் வெட்டு மேஜையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மச்சான் மூன்று வாரத்துக்குப் பிறகு பழைய வேகத்தில் சாப்பிட்டான்; மாஸ்டர் நாலாவது வாய் வைக்குமுன் அவன் தட்டு காலி. அக்கா அவன் கேட்காமலே மறுபடியும் வைத்தாள். "போதும்கா" என்றான், "சாப்பிடு" என்றாள். பாத்திரத்தில் இன்னும் இருந்தது. கரண்டி அதற்குள்ளேயே கிடந்தது, மாஸ்டரின் கைக்கு எட்டும் தூரத்தில்.

அவருக்கு இன்னும் பசித்தது. அவர் கேட்கவில்லை.